அம்மாவைத் தாண்டிப் போகாதே

அன்புள்ள பெண்ணுக்கு,

பாட்டி மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி ஒரு மணி நேரம் பாடப்போவதாகவும், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். பார்த்தேன். பதினோரு உருப்படிகள், நடுவே புகைப்படக் காட்சி, கடைசியில் இரண்டு பேச்சு. நீ எழுதியிருக்கும் அறிமுக உரையில் ‘தியாகம்’ மூன்று இடங்களில் வருகிறது. உன் அம்மா ஓரிடத்திலும் வரவில்லை. உருப்படிகளைக் குறைப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அம்மா விஷயம். அதற்கு இன்னொரு பாட்டியின் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

வீணை தனம்மாளின் (1867–1938) பேரப்பிள்ளைகளை நம் எல்லோருக்கும் தெரியும். பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, புல்லாங்குழல் விசுவநாதன், மிருதங்கம் ரங்கநாதன். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அந்தப் பாட்டி வாசித்ததும் தெரியும். விரலில் கம்பி எதுவும் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டி, கூடவே மெல்லப் பாடுவாராம். சின்ன ஓசை எழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது என்பதால் கேட்க வந்தவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போய்விட்டது. இதையெல்லாம் யாராவது ஒருவர் ஒவ்வொரு டிசம்பர் கச்சேரி சீசனிலும் எழுதிவிடுகிறார்.

அந்தப் பாட்டிக்கும் இந்தப் பேத்திகளுக்கும் நடுவே மகள்கள் இருந்தார்கள். பிருந்தாவுக்கும் முக்தாவுக்கும் பதம் சொல்லிக்கொடுத்தவர் அவர்களுடைய அம்மா காமாட்சியம்மாள். பாலசரஸ்வதிக்கு அவருடைய அம்மா ஜெயம்மாள். பாலா ஏழு வயதில், 1925-இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பிற்பாடு எத்தனையோ மேடைகளில் அவர் அபிநயம் பிடித்தபோது பாடியவர் ஜெயம்மாள்தான். பதத்தில் ஒரே வரியை ஆடுகிறவர் ஏழெட்டு விதமாகக் காட்ட வேண்டுமானால், பாடுகிறவரும் அந்த வரியை ஏழெட்டு விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடியாக வேண்டும். ஒரு சங்கதி சோகத்துக்கு, ஒன்று கோபத்துக்கு, ஒன்று சும்மா கேலிக்கு. சபையோர் கண்கள் எல்லாம் பாலாவின் மேல். பாட்டு எங்கிருந்து வருகிறதென்று எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

சங்கீத கலாநிதி பட்டம் பாலசரஸ்வதிக்கு 1973-இல் கிடைத்தது. பிருந்தாவுக்கு 1976. விசுவநாதனுக்கு 1988. அந்தப் பட்டியலில் ஜெயம்மாளும் இல்லை, காமாட்சியம்மாளும் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடுவில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. அதுவும், பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைப் போடாமல் தஞ்சாவூருக்கான ‘டி’யைப் போட்டுக்கொண்ட தாய்வழிக் குடும்பத்திலேயே!

உன் வீட்டுக் கதை வேறு. பாட்டி ஊரறிந்த பாட்டு டீச்சர். ‘அம்மாவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பாட்டில் ஈடுபாடு இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு நம்பிக்கையில்லை. உனக்குத் தெரிந்த பாட்டி மடியில் உட்காரவைத்துப் பாடிக் காட்டியவர். அம்மாவுக்குத் தெரிந்தவர் தாளம் தப்பினால் தொடையில் கிள்ளியவராக இருக்கலாம். அம்மா பாட்டை விட்டாரா, விடும்படி ஆயிற்றா, அதில் பாட்டிக்குப் பங்கு உண்டா என்று கேட்டுப் பார். கிடைக்கிற பதில் மேடையில் சொல்லத்தக்கதாக இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு பாடுகிறவளின் பாட்டு வேறு மாதிரி இருக்கும். ‘தியாகம்’ என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிடும்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். பாட்டியின் பழைய கேசட்டுகளைக் கேட்டு அப்படியே பாடிப் பழகுவதாக எழுதியிருக்கிறாய். எச்சரிக்கையாக இரு. வீட்டு டேப்ரெக்கார்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடிவிடும். பாட்டி உண்மையில் ஐந்து கட்டையில் பாடினாரா, ஐந்தரையா என்பதைக் கேசட்டு சொல்லாது. பக்கத்தில் தம்புரா போட்டவர் சொல்வார். அது உன் அம்மாதானே? தனம்மாளின் வாசிப்பே 1930களில் பதிவான சில இசைத்தட்டுகளாகத்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது, பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். அந்த வீட்டுப் பாடாந்தரம் அதற்குள்ளா அடங்கியிருக்கிறது? வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களின் தொண்டையில் இருந்தது. அங்கிருந்துதான் அருணா சாயிராம் போன்றவர்கள் பிருந்தாவிடம் பெற்றுக்கொண்டார்கள்.

பதினோரு உருப்படி வேண்டாம். ஐந்து போதும், அதில் இரண்டு பதமாக இருக்கட்டும். க்ஷேத்ரய்யா பதத்தைப் பத்து நிமிடத்துக்குக் குறைவாகப் பாடினால் அது நின்று பேசாது, ஓடிப் போய்விடும். பாட்டி கச்சேரியில் பாடியதையே தேர்ந்தெடுக்காதே. யாரும் கேட்காதபோது, அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் எதை முணுமுணுத்தார் என்று விசாரி. அது நலங்குப் பாட்டாக இருந்தாலும் சரி, சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி, நிரலில் சேர். பேச்சுகளில் ஒன்றை வெட்டு. புகைப்படங்களை வாசலில் மாட்டிவிடு, பாடும்போது எதற்கு?

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவாய். பேட்டி எடுப்பதுபோல் எதிரே உட்காராதே. ‘எனக்கு என்ன தெரியும்’ என்று எழுந்துவிடுவார். கூடத்தில் உட்கார்ந்து, பாட்டியின் பதம் ஒன்றில் அனுபல்லவியை வேண்டுமென்றே தப்பாகப் பாடு. இரண்டாவது முறை பாடுவதற்குள் அடுக்களையிலிருந்து திருத்தம் வரும் என்பது என் கணக்கு. வந்தால் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடு. உன்னோடு சேர்ந்து பாட அவர் ஒப்புக்கொண்டால் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்குமே.

அன்புடன்,
உன் பாட்டியின் கச்சேரிகளை முன்வரிசையில் கேட்டவள்