ஹென்றி ஃபோர்டு: பொது அறிவுப் புத்தகத்தில் வராத பக்கம்



மறைமலை நகர் ஃபோர்டு கார் தொழிற்சாலையைத் தெரியாதவங்க நம்ம பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. 2019 வரை அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம், இப்போ செங்கல்பட்டு மாவட்டம். 2022-ல் அங்கே கார் தயாரிப்பு நின்றது. இந்தக் கம்பெனியை அமெரிக்காவில் 1903-ல் தொடங்கியவர் ஹென்றி ஃபோர்டு.

அவரைப் பற்றிப் படித்தால் நல்லதாகவே இருக்கும். அது பொய்யும் இல்லை. 1908-ல் 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தார். 1913-ல் நகரும் வரிசை முறையை ஏற்படுத்தினார். வேலை செய்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார், கார்தான் நகர்ந்து அவரிடம் வரும். 12 மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 1914-ல் தினக்கூலியை 5 டாலர் ஆக்கினார். அது அப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு கூலி.

ஆனால் அதே ஃபோர்டு 1919 முதல் 'டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1920 மே மாதம் தொடங்கி, 91 வாரம் விடாமல், யூதர்களைத் தாக்கிக் கட்டுரை வந்தது. போரா, பணக் கஷ்டமா, சினிமா கெட்டுப்போச்சா, எல்லாத்துக்கும் யூதர்தான் காரணமாம்! இதற்கு ஆதாரம் என்று காட்டிய ஆவணம் போலி என்பதை 1921-லேயே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. பத்திரிகையை யார் வாங்குவாங்க என்று கேட்காதீங்க. ஃபோர்டு கார் விற்கிற கடைக்காரர்கள் தலையிலேயே அதை விற்கிற வேலையையும் கட்டினார்கள். கட்டுரைகள் நான்கு புத்தகமாகி, ஜெர்மன் மொழிக்கும் போனது. ஹிட்லர் தன் புத்தகத்தில் ஃபோர்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். பிறகு ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பத்தாம் வகுப்பு அக்காக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆரோன் சபீரோ என்ற வழக்கறிஞர் ஃபோர்டு மேல் வழக்குப் போட்டார். 1927-ல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார், அந்த வருஷமே பத்திரிகையும் மூடப்பட்டது. தன் பத்திரிகையில் என்ன வந்தது என்று தனக்கே தெரியாது என்றார். ஏழு வருஷமாகவா தெரியாது? அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியதும் அவர் இல்லை. லூயிஸ் மார்ஷல் என்ற யூதத் தலைவர் எழுதியது ஃபோர்டு பெயரில் வெளிவந்தது. சரி, மனம் மாறிட்டார் என்று நினைத்தால், 1938 ஜூலை 30, அவருடைய 75-வது பிறந்தநாளில், ஹிட்லர் அரசு கொடுத்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். போட்டோ இருக்கிறது. அந்த நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கோயில்கள் எரிக்கப்பட்டன. பதக்கத்தை அவர் திருப்பித் தரவில்லை.

"அப்போ கார் செஞ்சதும் தப்பா?" என்று ஒரு தோழி கேட்டாள். இல்லை. ரெண்டையும் சேர்த்து எழுதணும் என்றுதான் சொல்கிறேன். நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு நிற்கவே முடியாது. இதைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அதே சுவரில், நிலமும் வீடும் இருந்து வேதமும் படித்தவர்தான் நிற்கலாம் என்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் எனக்கெல்லாம் ஓலையில் இடம் கிடைத்திருக்காது! பிடித்த வரியும் பிடிக்காத வரியும் ஒரே சுவரில் ஆயிரம் வருஷமாக இருக்கிறது.

கல்லை மறைப்பது கஷ்டம், காகிதத்தை மறைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபோர்டின் சொந்த ஊரான டியர்பார்னில் 'டியர்பார்ன் ஹிஸ்டாரியன்' என்ற வரலாற்று இதழ் இருக்கிறது, நகர நிர்வாகத்தின் பணத்தில் வருவது. ஃபோர்டு பத்திரிகை தொடங்கி நூறு வருஷம் ஆனதை ஒட்டி, அதன் ஆசிரியர் பில் மெக்ரா இந்த விவரங்களையெல்லாம் எழுதி அச்சடித்துவிட்டார். 2019 ஜனவரியில் நகர மேயர், அந்த இதழை அனுப்பக் கூடாது என்று தடுத்தார். ஆசிரியர் வேலையும் போனது. இதழ் சில நூறு பேருக்குத்தான் போயிருக்கும். தடுத்த செய்தி பரவியதும், வேறொரு இடத்தில் இணையத்தில் வெளியான அதே கட்டுரையை, எந்த ஊர்க்காரரும் படிக்க முடிந்தது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி