வலிப்பு நின்ற பிறகு

கடையம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. தம்பிக்கு வலிப்பு நின்று ஆறு மாதமாகிறது. ஆனாலும் அடிக்கிறான், கடிக்கிறான், ராத்திரி தூங்குவதில்லை, அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் சொன்னதை மட்டும் அடித்துவிடு.

கைக்குழந்தையாக இருந்தபோது அவன் முதுகில் வெளுத்த திட்டுகள் இருந்தன. தேமல் என்று விட்டுவிட்டோம். அவனுக்கு இருக்கும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் அப்படித்தான் முதலில் முகம் காட்டுமாம். சுமார் 6,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் நோய். இரண்டு மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் உயிரணு வளர்ச்சியின் கடிவாளம் தளர்ந்து, மூளையிலும் தோலிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் முளைக்கும். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு இது பெற்றோர் வழியாக வருவதல்ல, புதிதாக நேர்வது. உன் அம்மா நித்யகல்யாணி சன்னதியில் போய் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை.

வலிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மற்றதைச் சேட்டை என்கிறோம். இந்த நோயுள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டிசம், துறுதுறுப்பு, பதற்றம், தூக்கமின்மை, படிப்பில் திணறல் என்று ஏதாவது ஒன்று எப்போதாவது வருகிறது. 2012இல் மருத்துவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ‘டேண்ட்’ என்று பெயரிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

ஒரு நோட்டுப் போடு. எப்போது தூங்கினான், எதற்கு முன்னால் அடித்தான், எந்த மாத்திரை மாற்றிய பிறகு கோபம் கூடியது என்று எழுது. லெவெடிராசிட்டம் சில பிள்ளைகளுக்கு எரிச்சலைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பக்கூடும். அப்படி வந்தால் கையில் சாவிக்கொத்துத் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடு.

ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். மருத்துவர் அப்படி ஏதும் உறுதிசெய்தால் மாற்றுத்திறனாளி அட்டைக்குத் தென்காசியிலேயே விண்ணப்பிக்கலாம்.

கடிதத்தின் ஓரத்தில், எனக்கும் இருக்குமா என்று பொடி எழுத்தில் கேட்டிருக்கிறாய். தம்பியின் மரபணுப் பழுது கண்டறியப்பட்டிருந்தால் உனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பதில் சொல்லும். கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த லீவில் நீயும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போ. “வலிப்பு வந்ததா?” என்று டாக்டர் கேட்பார். “இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதே. நோட்டைத் திறந்து காட்டு.

அன்புடன்,
மாமா