"நீங்க படிச்சீங்களா அண்ணா?"

இந்த மாதப் பாடம் புத்தகத் தடையைப் பற்றியது. நான் தலைகுனிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் ஞாயிறு சமய வகுப்பில் 'இன்டர்லோக்' நாவலைப் பற்றிப் பேசினேன். நம்மை இழிவுபடுத்திய புத்தகம், நாம் ஒன்றுசேர்ந்து எதிர்த்தோம், பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "இந்த மாதிரி புத்தகத்த லைப்ரரியிலகூட வைக்கக்கூடாது" என்று முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு தம்பி மட்டும் கையைத் தூக்கினான். "நீங்க படிச்சீங்களா அண்ணா?"

படிக்கவில்லை. "நேரமாச்சு, அடுத்த வாரம் பேசலாம்" என்று சமாளித்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நடந்தது என்ன?

'இன்டர்லோக்' மலாய் எழுத்தாளர் அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த நாவல். பின்னாளில் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர் அவர். 2011-இல் 5-ஆம் படிவ மலாய் இலக்கியப் பாடத்திற்கு இந்த நாவலை வைத்தார்கள். இந்தியத் தொழிலாளர்களைக் குறிக்க அதில் வந்த 'பறையா' என்ற சொல்லும், சாதியைப் பற்றி எழுதியிருந்த விதமும் நம் சமூகத்தைக் கொதிக்க வைத்தன. குழு அமைத்தார்கள், திருத்தம் செய்யலாம் என்றார்கள். அந்த ஆண்டு முடிவில் நாவலைப் பாடநூலிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள்.

என் அக்கா அப்போது 5-ஆம் படிவம். புத்தகம் கைக்கு வருமுன்பே அந்தச் சொல் வகுப்புக்கு வந்துவிட்டது. ஒரு பையன் அவளைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரித்தானாம். இன்றும் அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறும். அந்த வலி பொய்யில்லை.

படித்தபோது தெரிந்தது

பல்கலைக்கழக நூலகத்தில் தேடினேன்; இருந்தது. படித்து முடிக்க இரண்டு வாரம் ஆனது. மலாய்க்காரர் சேமான், சீனர் சின் ஹுவாட், இந்தியர் மணியம் என்று மூன்று குடும்பங்களின் கதை. சேமானின் குடும்பம் கடனில் நிலத்தை இழக்கிறது. மணியம் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வருகிறான். மூன்று வீட்டிலும் கஷ்டம்தான்.

என் கோபம் தீரவில்லை. ஆனால் இப்போது காரணத்தோடு பேச முடிந்தது. கப்பலேறி வந்தவர்கள் பல சாதியினர். எல்லாரையும் ஒரே சாதிபோலக் காட்டுவது வரலாற்றுப் பிழை.

அதோடு இன்னொரு கேள்வியும் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல் நமக்கு ஏன் சுடுகிறது? அது ஒரு மக்களின் பெயர். அவர்கள் யாருக்கும் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்தப் பெயரை முதலில் வசவாக்கியது எந்த மலாய் எழுத்தாளரும் இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் இன்றும் "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமே, அந்த நாம்தான். படிக்காமல் கத்தியபோது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றையும் குழப்பாதீர்கள்

பாடநூல்: எல்லா மாணவரும் படித்துத் தேர்வு எழுதியே ஆகவேண்டும். 17 வயதுப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. அதனால் "இது பாடமாக வேண்டாம்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அக்காவுக்காக நானும் கேட்டிருப்பேன்.

நூலகம்: விரும்பியவர் எடுப்பார், விரும்பாதவர் விடுவார். அங்கிருந்தும் அகற்றச் சொல்வது, மற்றவர் படிக்கலாமா கூடாதா என்று நாம் முடிவு செய்வது. நான் வகுப்பில் கேட்டது இதைத்தான். என் தவறும் அதுதான்.

தடை: 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடைசெய்யலாம். தடைசெய்த நூலைத் தக்க காரணமின்றி வைத்திருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம். விற்றால் மூன்றாண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நாம் இந்த நாட்டில் சிறுபான்மை. இன்று பிறர் புத்தகத்துக்கு நாம் கேட்கும் பூட்டு, நாளை நம் புத்தகத்துக்கும் வரலாம்.

நம் பெரியோர் காட்டிய வழி

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எழுதினார். அதில் முதல் பகுதி பரபக்கம். கடவுளே இல்லை என்ற உலகாயதம் தொடங்கி 14 மதங்களின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அதன்பிறகே மறுக்கிறார். தம் கொள்கையைச் சுபக்கத்தில் பிறகுதான் வைக்கிறார். எதிர்க்கட்சியை ஒழுங்காகப் படிக்காதவரால் இதை எழுத முடியுமா?

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி இன்று முழுதாக இல்லை. நமக்கு மிஞ்சியவை சில பாடல்களே. அதன் வாதத்தைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பங்கு, அதை மறுக்க வந்த நீலகேசியின் வழியாகத்தான். மறுத்தவரே எதிராளியின் பேச்சைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்!

எங்கள் பொறியியல் ஆய்வுக்கூடத்திலும் இதே பழக்கம் உண்டு. தவறான அளவை அழிரப்பர் போட்டு அழிக்கக்கூடாது. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும். அப்போதுதான் எங்கே தவறியது என்று அடுத்தவருக்குத் தெரியும்.

அடுத்த முறை வகுப்பில் அந்தத் தம்பியை எழுப்பி, "அன்னைக்கு நான் படிக்கலடா. இப்ப படிச்சிட்டேன்" என்று எல்லார் முன்னும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப எந்தப் பக்கம் தப்புண்ணா, காட்டுங்க" என்றான். அன்று வகுப்பு முடிய இரவு பத்தாகிவிட்டது.

சிந்திக்க:

1. "இந்தப் புத்தகத்தைத் தடைசெய்யுங்கள்" என்று புலனத்தில் வரும் செய்தியைப் பகிருமுன் நீங்கள் செய்யவேண்டியது என்ன?

2. பாடநூலிலிருந்து நீக்குவதற்கும் நூலகத்திலிருந்து அகற்றுவதற்கும் என்ன வேறுபாடு?

3. உங்களுக்குப் பிடிக்காத ஒரு கருத்தை, அதைச் சொன்னவரே "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி ஐந்து வரியில் எழுதுங்கள். பிறகு உங்கள் மறுப்பை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.