முறியட்டும், தம்பி



நியூஜெர்ஸியில் உன் வீட்டருகேயுள்ள பள்ளிப் பிள்ளைகள் எழுவருக்கு, ‘ஒடிஸி ஆஃப் தி மைண்ட்’ என்னும் படைப்பாற்றல் போட்டியில் துணைநிற்கும் பயிற்சியாளனாக இசைந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிக்க சந்தோஷம். அந்தப் போட்டி பிறந்த மாநிலமும் அதுவேயல்லவா? கிளாஸ்பரோவிலிருந்த கல்லூரியில் தொழில் வடிவமைப்புப் பேராசிரியராயிருந்த சாம் மிக்லஸ், தம் மாணவர்களுக்குக் கொடுத்துவந்த விசித்திரமான பணிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரித்ததனால் 1978-ல் அது உண்டாயிற்று. விதிகளை நீ வாசித்திருப்பாய். அவற்றை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ கேட்டிருந்த கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது: “நான் கட்டுமானப் பொறியாளன், பிள்ளைகள் ஒட்டுகிற பால்ஸா மரக் கோபுரம் எந்த இடத்தில் முறியப்போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் வாய் மூடியிருப்பது பாவமில்லையா, ஐயா?”

இல்லை, தம்பி. வாய் திறப்பதுதான் பாவம்.

விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு லாபம் என்றொரு அபிப்பிராயம் பெற்றோரிடையே வேரூன்றியிருக்கிறது. நாடகம் என்றால் நடிகரையும், வண்டி என்றால் மெக்கானிக்கையும், கோபுரம் என்றால் உன்னைப் போன்ற ஒருவனையும் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வெற்றி கிடைத்துவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். அந்தப் போட்டியோ இதற்கு நேர்மாறான சித்தாந்தத்தின்மேல் நிற்பது. யோசனையும் வேலையும் முழுவதும் பிள்ளைகளுடையவை. பெரியவர் கைபட்டால் ‘வெளியுதவி’ என்று மதிப்பெண் குறைப்பார்கள். ஆகவே, அறிந்தவனுக்கு அங்கே வேலை குறைவு, அவஸ்தை அதிகம்.

உன் கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். எனக்கும் அதில் ஆசை உண்டு. வெறும் பால்ஸா மரமும் பசையும் கொண்டு, 15 அல்லது 18 கிராம் போன்ற சொற்ப எடைக்குள், சுமார் 8 அங்குல உயரத்துக்கு எழுப்பப்படும் அந்தக் கூடு, தன் தலையில் அடுக்கப்படும் இரும்புத் தட்டுகளை நூற்றுக்கணக்கான பவுண்டு வரையில் சுமந்து நிற்பதைக் கண்டவர்கள் லேசில் மறப்பதில்லை. அப்படிப்பட்ட மெல்லிய கால், பாரத்தால் நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்து முறிந்துவிடும் என்பதையும், கால் பாதி நீளமாகக் குறைந்தால் அது தாங்கும் பாரம் நான்கு மடங்காகும் என்பதையும் கணித மேதை ஆய்லர் 1744-லேயே கணக்கிட்டு வைத்தார். இது உனக்குப் பாலபாடம். காலின் நடுவே ஒரு குறுக்குச் சட்டத்தை ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று உன் நாக்கு துடிப்பதை நான் இங்கிருந்தே அறிவேன். சொல்லிவிட்டாயானால் கோபுரம் நிற்கும். ஆனால் நிற்பது உன் கோபுரம். ஏழு பிள்ளைகள் உனக்குப் பசை தடவிய கூலியாட்களாவார்கள்.

இதைவிட மோசமான ஒன்றுண்டு. “நடுவில் ஒரு சட்டம் வைத்தால் என்னவாகும் என்று நினைக்கிறீர்கள், குழந்தைகளே?” என்று தேனொழுகக் கேட்பவர்கள் சிலர். கேள்வி வேஷம் போட்டுக்கொண்டு வருகிற விடையல்லவா அது! விதியின் எழுத்தை மீறாததுபோல் காட்டிக்கொண்டே அதன் ஆன்மாவைக் கொல்கிற இந்த சாமர்த்தியம் உனக்கு வேண்டாம்.

பின் என்னதான் கேட்பது? கோபுரம் நொறுங்குவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. முதலில் ஒரு கால் வளைய, அதன் பாரம் மற்றவற்றின்மேல் பாய, எல்லாம் சேர்ந்து தூளாகின்றன. குவிந்து கிடக்கும் துண்டுகளைப் பார்த்து, பெரிதாக உடைந்த துண்டையே குற்றவாளி என்று தீர்மானித்து, அதை மட்டும் தடிமனாக்கிவிடுவது பிள்ளைகளின் சுபாவம். ஆகவே, “முதலில் முறிந்தது எது? அதை எப்படிக் கண்டுகொண்டீர்கள்?” என்ற இரண்டையும் சலிக்காமல் கேட்டுக்கொண்டிரு. உன் விடை எதையும் இவை ஒளித்து வைத்திருக்கவில்லை. கேள்வி கேட்பதைத் தவிர, பொதுவான திறமைகளைக் கற்பிக்கவும் விதி இடமளிக்கிறது: கத்தியைப் பிடிக்கும் முறை, மின்தராசில் எடை பார்ப்பது, தராசு காட்டியதைத் தேதியிட்டுக் குறித்துவைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணுக்குக் கவசம் அணிவது. இவற்றில் தாராளமாக இரு.

போட்டியன்று அங்கேயே கொடுத்து விடை கேட்கும் உடனடிப் புதிர்ப் பகுதியில் உன் கை கொஞ்சம் நீளலாம், பயிற்சிக்கு நீயே புதிர்கள் இட்டுக்கட்டலாம் என்பதால். இங்கேயும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசவிட்டால் யோசனை பெருக்கெடுக்கும் என்பது. அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953-ல் எழுதிய ‘அப்ளைட் இமாஜினேஷன்’ நூல் இதைப் பரவலாக்கியது. பல காலத்துக்கு முன் அதை நான் வெகு ஆர்வத்தோடு வாசித்தேன். விளம்பரத் துறையிலிருந்து வந்தவரல்லவா, எழுத்தில் மயக்கும் சக்தி உண்டு. ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தபோது, கூடிப் பேசியவர்களைக் காட்டிலும், அதே எண்ணிக்கையுள்ளவர்கள் தனித்தனியே யோசித்துப் பிறகு தொகுத்ததில்தான் கருத்துகள் மிகுதியாக இருந்தன. எனவே, பயிற்சியின்போது முதலில் ஒவ்வொரு பிள்ளையும் மௌனமாக எழுதட்டும், பிறகு பேசட்டும். கூச்சமுள்ள குழந்தையின் யோசனை, வாயாடியின் குரலில் அமுங்கிப் போகாமல் தப்பும். யோசனை பிறக்கும் வேளையில் தீர்ப்புக் கூறாதே என்று ஆஸ்பர்ன் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள். பெரியவரின் முகமே தீர்ப்புக் கூறிவிடும், தம்பி. உன் புருவம் உயர்ந்தால் அந்த யோசனை அங்கேயே செத்தது.

கோபுரம் தோற்றால் பிள்ளைகள் மனம் முறியுமே என்று கவலைப்படுகிறாய். அந்தப் போட்டியில் ‘ரனாட்ரா ஃபஸ்கா’ என்று நீர்ப்பூச்சி ஒன்றின் பெயரால் ஒரு விருது உண்டு. அபூர்வமான படைப்பாற்றலுக்காகத் தரப்படும் அது, எந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்ததன்று. மிக்லஸின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தோல்வியைக் கண்டு பெற்றோர் கலங்கும் அளவுக்குப் பிள்ளைகள் கலங்குவதில்லை என்பது என் அனுபவம்.

இடம் பார்ப்பது, சாமான் வாங்குவது, படிவங்கள், தின்பண்டம் முதலியவற்றுக்கு உபதேசம் தேவையில்லை. உன் மனைவி உன்னைவிடச் செம்மையாகச் செய்வாள். ஒன்றை மட்டும் எனக்காகச் செய்: போட்டிக்கு முன்தினம் இரவு, கோபுரத்தையும் பசைக் குப்பியையும் உன் வீட்டில் வைத்துக்கொள்ளாதே.