வட்டத்தில் ஒரு நாற்காலி

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது இங்கிலாந்துக் கேரவன். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. நாலு பேர் படுக்கலாம், சமைக்கலாம், கழிப்பறையும் உண்டு. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஊர் சுற்றுவதற்கென்றே குதிரை இழுக்கும் வீடு ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்துக் கிளம்பினார். 1907இல் கேரவன்காரர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கிவிட்டது. இன்று பாட்டன் கேரவனை நிறுத்திய தோட்டத்துக்கே பேரனும் போகிறான். புதிதாகப் போகிறவர்களுக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாங்கள் லெஸ்டரில் இருக்கிறோம். 2021 டிசம்பரில் விதி மாறி, 1997க்குப் பிறகு கார் உரிமம் வாங்கிய என்னைப் போன்றவர்களும் தனித் தேர்வு எழுதாமல் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று ஆனது. மறு கோடையில் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். 2023 மார்ச்சில் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹன்ஸ்டன்டன் கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய தோட்டத்தில் ‘சீசனல் பிட்ச்’ எடுத்தோம். மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை அந்த இடம் நமக்கு. கேரவனை அங்கேயே விட்டுவிட்டு வாரக் கடைசிகளில் காரில் மட்டும் போய் வரலாம். ஹன்ஸ்டன்டன் கிழக்குக் கரையில் இருந்தாலும் மேற்கே பார்த்த ஊர். சூரியன் கடலில் இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். கீழே துருப்பழுப்பு, நடுவில் சிவப்பு, மேலே வெள்ளை என்று பாறைச் சுவர் வரிவரியாக நிற்கும். பார்த்த முதல் நாளே என் மகள் இனி வேறெங்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தோட்டத்தின் உரிமையாளர் எங்களுக்குக் கொடுத்தது ஓக் மரத்தடி இடம். நிழல் உண்டு, தண்ணீர்க் குழாய் பக்கம், காற்று அடிக்காது. எங்கள் நல்ல நேரம் என்று நினைத்தோம். எதிரே ஏழெட்டு குடும்பங்கள், எல்லாரும் பல ஆண்டுகளாக வருகிறவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். யார் நாற்காலி எங்கே என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எங்களைப் பார்த்தால் ‘மார்னிங்’ உண்டு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வட்டத்தின் முதுகு எங்கள் பக்கம் இருக்கும்.

மூன்றாவது வாரம் என் மனைவி கேட்டாள்: “என்னங்க, நாம என்ன தப்பு பண்ணோம்?”

நமக்குத் தெரிந்த வழி சாப்பாடு. அடுத்த சனிக்கிழமை அறுபது மெதுவடை சுட்டு, சட்னியோடு எடுத்துப் போனோம். எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் காலை எங்கள் படிக்கட்டில் தட்டு கழுவித் துடைத்து வைத்திருந்தது. மேலே ஒரு பெட்டி பிஸ்கட். கும்பகோணத்தில் என் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள். ஆனால் அது மறுபடி வருவதற்கான பாத்திரம். இங்கே பிஸ்கட்டோடு கணக்கு முடிந்துவிட்டது. அந்தப் பெட்டியைப் பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் மாதம் மழையே இல்லாமல் தரை கருங்கல்லாகக் காய்ந்தது. கேரவனின் பக்கவாட்டில் கட்டுகிற துணிக்கூடாரத்தை இங்கே ஆனிங் என்பார்கள். கடைசி முறை கட்டிய முளைகள் காற்றில் கழன்றுவிட்டன. புதிதாக அடித்த முளை ஒவ்வொன்றும் வளைந்தது. பக்கத்து பிட்ச்சில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய், “இந்தத் தரைக்கு என்ன முளை போடுவீர்கள்? இருந்தால் நாலு இரவல் கொடுப்பீர்களா?” என்று கேட்டேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய தடித்த இரும்பு முளைகள், கூடவே ஒரு சம்மட்டி. நாலு என்று கேட்டவனுக்கு இருபது முளைகளையும் தானே மண்டியிட்டு அடித்தார். எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும், கயிற்றை எவ்வளவு இழுக்க வேண்டும், இந்தத் தோட்டத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சினூடேதான் மெதுவாகச் சொன்னார்: ஓக் மரத்தடி பதினொரு வருடமாக அவர்களுடைய நண்பர்கள் இருவரின் இடம். மனைவி நோயில் விழுந்ததால் அந்தக் கணவர் குளிர்காலத்தில் கேரவனை விற்றுவிட்டார். “உங்கள் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை. அங்கே வேறு வண்டி நிற்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை.”

மூன்று மாதமாக எங்கள் தோலையும் பெயரையும் வைத்து நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களோ ஒரு பிரிவைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு அந்த வட்டத்தைப் பார்த்தபோது முதுகுகள் தெரியவில்லை, இரண்டு நாற்காலிகள் குறைந்திருந்தது தெரிந்தது.

நம் ஊரில் புதிதாகக் குடிவந்த பெண் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத்தோடு போக மாட்டாள். ஒரு கரண்டி உறைமோர் கேட்டுத்தான் போவாள். கேட்கிறவள் தாழ்ந்தவள் ஆகிவிட மாட்டாள். கொடுக்கிறவளுக்கு அந்த வீட்டுத் தயிரில் ஒரு பங்கு வந்துவிடும். இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருந்தும் நார்ஃபோக்கில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அறுபது வடையோடு போனபோது அவர்கள் எங்களுக்கு விருந்தாளிகள் ஆனார்கள், அதுவும் அவர்களுடைய இடத்திலேயே. முளை கேட்டபோதுதான் அவர் வீட்டுக்காரர், நான் வந்தவன் என்ற ஒழுங்கு திரும்பியது. புதிதாகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், கேளுங்கள். நல்ல மீன் எந்தக் கடையில் கிடைக்கும், கடல் வாங்கும்போது எவ்வளவு தூரம் நடக்கலாம், உறைபனிக்கு முன் தண்ணீர்த் தொட்டியை எப்படி வடிப்பது. தெரியாததைக் கேளுங்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கே பேசுவது என்பதும் முக்கியம். நாற்காலி வட்டத்தைத் தேடிப் போய்ப் பேசக்கூடாது. அது அவர்கள் வீட்டுக் கூடம். பேச்சு தொடங்குகிற இடம் தண்ணீர்க் குழாயும் பாத்திரம் கழுவும் அறையும்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் ஆண்கள்தான் அதிகம் நிற்பார்கள். கை வேலையாக இருக்கும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. எதிரே தெரியாதவர் நின்றால் கூச்சப்படுகிற மனிதர்கள், பக்கத்தில் நின்று தட்டு துடைக்கிறவரிடம் தங்கள் மகனின் விவாகரத்தைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வீட்டில் இருக்கட்டும். அங்கே கையால் கழுவுங்கள், அவசரப்படாமல் கழுவுங்கள்.

நாய்கள் இன்னொரு வாசல். அந்தத் தோட்டத்தில் மனிதர்களின் பெயருக்கு முன் நாய்களின் பெயரைத்தான் தெரிந்துகொண்டோம். குனிந்து நாயிடம் பேசினாலும் முதலில் உடையவரிடம் தொடலாமா என்று கேட்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவள் அப்படிக் கேட்டதை வட்டத்தில் ஒரு பாட்டி கவனித்து வைத்திருந்தார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

செய்யக்கூடாதவை சில உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கழிப்பறைக்குக் குறுக்கு வழி என்று இன்னொருவர் பிட்ச் வழியாக நடக்கக்கூடாது. வேலி இல்லாவிட்டாலும் அது அவர் வாசல். தீ பரவாமல் இருக்க வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஆறு மீட்டர் விடுவார்கள். அந்த இடைவெளியை நம் மேசையால் நிரப்பக்கூடாது. முக்கியமாக, ஒரு தம்பதி கேரவனைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தும்போதோ ஆனிங் கட்டும்போதோ பக்கத்தில் போகவே கூடாது. பயணக் களைப்பில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழும் நேரம் அது. கேரவனின் நான்கு கால்களும் தரையைத் தொட்டு, கெட்டில் அடுப்பில் ஏறிய பிறகு போய், “தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம்” என்று சொன்னால் போதும். நம் நாற்காலியைப் பாதையைப் பார்த்துப் போட வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் மனம் சுருங்கி, வேலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். அவர்களுக்கு எங்கள் முதுகு எப்படித் தெரிந்திருக்கும்!

எந்த மாதம் போகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் தோட்டம் நிரம்பி வழியும், பழையவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மே மாதத்திலும் செப்டம்பரிலும் ஓய்வுபெற்றவர்கள் மட்டும் இருப்பார்கள், பேச ஆள் தேடுவார்கள். விடுப்பு கிடைத்தால் ஒரு வியாழக்கிழமையே போய்ச் சேருங்கள்.

கொஞ்சம் பழகியதும் வட்டத்துக்குள் இருக்கும் பிளவு தெரியவரும். உரிமையாளர் வாடகை ஏற்றியது சரி என்று ஒரு கட்சி, தவறு என்று ஒரு கட்சி. இரண்டு பேரும் தனித்தனியாக நம்மிடம் வருவார்கள், ஏனென்றால் நாம் புதுக் காது. முதல் வருடம் எந்தப் பக்கமும் தலையாட்டாமல் இருந்தோம். அதனால் சிலர் எங்களை அழுத்தக்காரர்கள் என்று நினைத்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

இனி, கசப்பான ஒன்று. ஒதுக்குவதெல்லாம் சோகத்தாலும் கூச்சத்தாலும் என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கு முந்தைய கோடையில் வேறொரு கரையில், வேறொரு தோட்டத்தில், எங்கள் சமையல் வாசனையைப் பற்றி எங்கள் காதுபடவே பேசிச் சிரித்தார்கள். மகளோடு விளையாட வந்த பையனைப் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாம் நாளே கிளம்பிவிட்டோம். கட்டிய பணம் போனது, போகட்டும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: நமக்குப் பிறகு வருகிற வெள்ளைக்காரக் குடும்பத்தை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். நார்ஃபோக்கில் ஜூலையில் லீட்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கும் ‘மார்னிங்’ மட்டும்தான் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அவமதிப்பு இருக்கிற இடத்தில் முளை கேட்டு நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வட்டமே வேண்டாம் என்பவர்களுக்கும் இடம் உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம், கேரவன் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காகச் சின்னப் பண்ணைகளுக்குச் சான்று கொடுக்க வழி செய்தது. அங்கே ஒரே நேரத்தில் ஐந்து கேரவன்களுக்கு மேல் நிற்காது. ஐந்து வண்டிக்குள் கோஷ்டி சேர்வது கடினம்.

அக்டோபர் கடைசி வாரம் தோட்டத்தை மூடுகிற நேரம். கடல் குளிர், சீக்கிரமே இருட்டு, எல்லாம் பிரித்து மடிக்கிற வேலை மட்டும்தான். புதியவர்கள் பெரும்பாலும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நின்றோம். வட்டத்துப் பாட்டி தனியாக இருப்பவர். ஆனிங்கை மடிக்க இரண்டு பேராவது வேண்டும். என் மனைவி ஒரு முனையைப் பிடித்தாள், அவர் மறுமுனையை. முதல் நாள் மழையில் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரத்தோடு மடித்து வைத்தால் மார்ச்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அவர் இருப்பது மாடிக் குடியிருப்பில், விரித்துக் காயவைக்க இடமில்லை. கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“உங்கள் வீட்டில் கராஜ் இருக்கிறது என்று உங்கள் மகள் சொன்னாள்,” என்றார். “ஒரு வாரம் இதை அங்கே தொங்கவிட முடியுமா? மார்ச்சில் கொண்டுவந்தால் போதும்.”

ஏ47 சாலை முழுக்க காருக்குள் ஈரத் துணி வாடையும் உப்பு வாடையும். கராஜில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரித்தோம். மொத்தமாகக் காய ஒன்பது நாள் ஆனது. அதுவரை எங்கள் கார் தெருவில் நின்றது.