கையை விட்டால் ஹாண்டில் ஆடுகிறதே!

கேள்வி: இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டப் பழகுகிறேன். கையை எடுத்ததும் ஹாண்டில் ஆடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பசறை

பதில்: தம்பி, பதுளை வீதியில் மட்டும் பழக வேண்டாம். முடக்குக்கு முடக்கு பஸ்ஸும் கொழுந்து லொறியும் வரும். இறக்கத்தில் கையை விட்டால் பிரேக்கும் போச்சு. தோட்டத்து மைதானத்துக்குப் போங்கள்.

முதலில் சைக்கிளின் சீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அதை இடப்பக்கம் சாயுங்கள். முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பும். ஓடும்போதும் இதுதான் நடக்கிறது: விழப்போகும் பக்கத்துக்கே திரும்பி, வண்டி தன்னை நிமிர்த்திக்கொள்கிறது. சக்கரம் சுழல்வதுதான் காரணம் என்று பலர் சொல்லி வந்தார்கள். 2011இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்தச் சுழற்சியின் விளைவை இல்லாமல் செய்த ஒரு வண்டியை உருட்டிவிட்டார்கள். ஆளே இல்லாமல் அதுவும் நிமிர்ந்து ஓடியது! எனக்கு இன்றைக்கும் அது அதிசயம்தான்.

ஆனால் இதற்கு வேகம் வேண்டும். நீங்கள் பயத்தில் மெதுவாகப் போகிறீர்கள், அதனால் ஆடுகிறது. நன்றாக மிதியுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், விரல் நுனியை மட்டும் ஹாண்டிலில் வைத்துப் பழகுங்கள். திருப்புவது இடுப்பால். அப்படியும் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் ஹாண்டில் கழுத்து இறுகியிருக்கலாம். சைக்கிள் கடையில் காட்டுங்கள்.