தெருவில் படம் பிடிக்க எந்தக் கேமரா?

நம்ம ஊர்ப் பக்கம் கேமராவைத் தூக்கினாலே போதும், டீக்கடை பெஞ்சில் சாவகாசமாக இருந்தவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். பொடியன்கள் ஓடிவந்து "அண்ணே, என்னை ஒண்ணு எடுங்கண்ணே" என்பார்கள். படம் கிடைக்கும்தான். ஆனால் ஒரு நிமிஷம் முன்னால் அங்கே இருந்தது போயே போச்சு. அதைக் கலைக்காமல் எடுக்கிற படத்தைத்தான் 'கேண்டிட்' என்கிறார்கள். அதற்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று முதலாமாண்டுத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஒளித்துவைத்து எடுப்பது வேறு, உறுத்தாமல் எடுப்பது வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் என்பவர் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் காண்டாக்ஸ் கேமராவை மறைத்துவைத்து எதிர் சீட்டுக்காரர்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் 1966-ல்தான் புத்தகமாக வந்தன. பிரான்சின் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வேறு மாதிரி. சின்ன லைக்கா, 50 மி.மீ. லென்ஸ், பளபளக்கும் இடங்களில் கருப்பு டேப், அவ்வளவுதான். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தவர் அவர்தான். அதே மாதம் பாண்டிச்சேரியில், பல வருஷமாகப் படமே எடுக்கவிடாத அரவிந்தரையும் எடுத்தார். கேமரா கையில்தான் இருந்தது, சட்டைக்குள் அல்ல.

நமக்கு இரண்டாவது வழிதான் சரிப்படும். நியூயார்க் ரயிலில் யாருக்கும் யாரையும் தெரியாது. பெரம்பலூர் பாலக்கரையில் ஒருவரை எடுத்தால், எடுத்தவன் யார் வீட்டுப் பையன் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருக்கிற ஒரு அக்காவின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் நமக்குக் கிடைப்பது நாலு லைக். அவர் வீட்டில் போய் எத்தனை பேருக்குப் பதில் சொல்லணுமோ, யாருக்குத் தெரியும்? பேனா கேமரா, பட்டன் கேமரா எல்லாம் வேண்டவே வேண்டாம். எடுத்த பிறகு படத்தைக் காட்டுங்கள். "வேணாம் தம்பி" என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். இதற்கு ஸ்கிரீன் உள்ள கேமராதான் வசதி.

பெரிய டெலி லென்ஸும் இந்த வேலைக்கு ஆகாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று 300 மி.மீ. லென்ஸை நீட்டினால் நாம் கண்ணில் படமாட்டோம் என்று நினைப்பு. உண்மையில் தெருவே நம்மைத்தான் பார்க்கும். 28 அல்லது 35 மி.மீ. பார்வை கொண்ட சின்ன லென்ஸோடு பக்கத்திலேயே நில்லுங்கள். பத்து நிமிஷத்தில் நம்மை மறந்துவிடுவார்கள்.

இனி நம்ம பாடம். உறுத்துவது கேமராவின் சைஸ் மட்டுமில்லை. கண்ணில் வைத்துக்கொண்டு போகஸைத் தேடுகிற அந்த மூணு நாலு வினாடிதான் எதிரே இருப்பவரை உஷாராக்குகிறது. அதனால் போகஸை முன்கூட்டியே பூட்டிவைக்க முடிகிற கேமராவாகப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் பூட்டுவது? போகல் நீளத்தின் வர்க்கத்தை, எஃப் எண்ணையும் 0.03-ஐயும் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் 1225-ஐ 0.24-ஆல் வகுக்க, சுமார் 5.1 மீட்டர். அங்கே போகஸ் வைத்தால் 2.6 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு. 3 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 1.9 முதல் 7 மீட்டர் வரை. அதே இடத்தில் 50 மி.மீ. போட்டால் 2.3 முதல் 4.2 வரைதான். அகல லென்ஸை ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். இந்த 0.03 பழைய பிலிம் அளவுக்கு. ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்கு 0.02 போடணும். அதில் 35-க்குச் சமமான பார்வை தருகிற 23 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் 3.3 மீட்டரில் வைத்தாலே போதும். தெருவில் சின்ன சென்சார் ஒரு குறையே இல்லை.

அடுத்தது சத்தம். டி.எஸ்.எல்.ஆரில் உள்ளே கண்ணாடி எகிறி அடிக்கும், 'டப்' என்று கேட்கும். மிர்ரர்லெஸ்ஸில் அது கிடையாது. எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் சத்தமே வராது. ஆனால் இ.இ.இ. நண்பர்கள் கவனிக்க: நம்ம கரண்ட் 50 சைக்கிள், அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். இரவில் பஸ் ஸ்டாண்டு கடை வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் தப்பிக்கலாம். பீப், பிளாஷ், போகஸுக்கு எரிகிற சின்ன விளக்கு மூன்றையும் வாங்கின அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

அரியலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோரம் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், சென்சாரில் தூசி அப்பிவிடும். நீண்டு மடங்குகிற லென்ஸும் தூசியை உள்ளே இழுக்கத்தான் செய்யும். இன்னொரு தொல்லை, அந்த வெள்ளை மண்ணில் பட்டுத் தெறிக்கிற வெயில். மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெளிச்சத்தைக் குறைத்து மனுஷன் முகத்தைக் கரியாக்கிவிடும். பிளஸ் 1 கூட்டிவைக்க ஒரு டயல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இது இல்லாத கேமரா, நம்ம நிறத்துக்கும் நம்ம வெயிலுக்கும் லாயக்கில்லை என்பது என் கருத்து.

சரி, எதை வாங்குவது? ஃபியூஜி எக்ஸ்100 வரிசை (முதல் மாடல் 2011), ரிக்கோ ஜி.ஆர். இரண்டும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. ரிக்கோவில் தூரத்தை முன்பே பூட்டிவைக்கிற வசதியே தனியாக இருக்கிறது. ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். பிலிம் ஆசை உள்ளவர்கள் யாஷிகா எலக்ட்ரோ 35-ஐத் தேடலாம். ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. அதன் பழைய பாதரச பேட்டரி இப்போது வராது, அடாப்டர் போட்டு ஓட்டணும். பிலிம், கழுவுகிற செலவு வேறு.

நம்ம பர்ஸுக்கு? பழைய கேனன் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, 24 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸ் போடுங்கள். லென்ஸ் வெறும் 125 கிராம். சத்தம் கொஞ்சம் இருக்கும், பஸ் ஸ்டாண்டில் அது யார் காதில் விழப்போகிறது? அதுவும் முடியாதா, பையில் இருக்கிற போனே போதும். இன்றைக்கு ஊரில் யார் கண்ணையும் உறுத்தாத கேமரா அதுதான். கையை நீட்டித் தூக்காமல் நெஞ்சோடு வைத்து எடுத்துப் பழகுங்கள்.

வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு, செலவில்லாதது. ஒரு ஸ்பிளெண்டர் வண்டியின் நீளம் சுமார் 2 மீட்டர். ஹாஸ்டல் வராண்டாவில் எதிரே வருகிறவன் ஒன்றரை வண்டி தூரத்தில் இருக்கிறான் என்று தோன்றும்போது "நில்லுடா" என்று நிறுத்தி, டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு வாரத்தில் கண் 3 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும்.